எருமையை ஓட்டிக்கொண்டு போனது யார்?
'மாக்ஸ் ஹாவலார்' நாவலை முன்வைத்து

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச எடுத்திருப்பது ஒரு நாவல். 1860 மே மாதம் ஹாலந்தில் வெளிவந்தது. பேரு 'மாக்ஸ் ஹாவலார்'. 'அல்லது டச்சு வர்த்தகக் கழகத்தின் காப்பி ஏலங்கள்' என்று கூடவே ஒரு நீளமான வால் தலைப்பும் உண்டு. எழுதியவர் ஜாவாவில் வேலை பார்த்த டச்சு அதிகாரி எட்வர்ட் டௌவெஸ் டெக்கர். அட்டையில் போட்டுக்கொண்ட பெயர் முல்டாட்டுலி. லத்தீனில் 'நிறையத் தாங்கியவன்' என்று அர்த்தம். ஒரு ஆட்சிமுறையையே கூண்டில் ஏற்றிய புத்தகம். பரபரப்பாக விற்றது. வெளிவந்த அந்த வருஷமே டச்சு நாடாளுமன்றத்தில், இந்தப் புத்தகம் நாட்டையே நடுங்க வைத்திருக்கிறது என்று ஒரு உறுப்பினர் எழுந்து சொல்கிற அளவுக்குப் போனது. சரி, அந்த ஆட்சிமுறையில் நசுங்கிக் கிடந்தவனுக்கு அதனால என்ன கிடைத்தது? அதுதான் என் கேள்வி. புத்தகம் படிக்கிறவங்க, புத்தகம் எழுதணும்னு நினைக்கிறவங்க இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. அதனால இந்தக் கேள்வி நமக்கும் ஆகும்.

முதலில் அந்த ஆட்சிமுறையைப் பார்த்துவிடுவோம். 1825இலிருந்து 1830 வரை ஜாவாவில் பெரிய போர். அதே 1830இல் பெல்ஜியம் பிரிந்து போகிறது. டச்சு அரசு கழுத்துவரை கடனில் நிற்கிறது. அப்போது ஜாவாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்த வான் டென் போஷ் ஒரு திட்டம் கொண்டுவருகிறார். கிராமத்து நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் அரசு சொல்கிற பயிரைப் போட வேண்டும். கரும்பு, அவுரி, மலைச்சரிவுகளில் காப்பி. அறுவடையை அரசு சொல்கிற விலைக்கு அரசிடமே கொடுக்க வேண்டும். நிலம் இல்லாதவன் வருஷத்துக்கு 66 நாள் உழைத்துக் கொடுக்க வேண்டும். காகிதத்தில் இவ்வளவுதான். காகிதத்தில் எல்லாமே நல்லாத்தான் இருக்கும். வயலில் ஐந்தில் ஒன்று என்பது எங்கேயும் ஐந்தில் ஒன்றாக நிற்கவில்லை, 66 நாளும் 66 நாளாக நிற்கவில்லை. நெல்லுக்கு வேண்டிய தண்ணீரும் ஆளும் கரும்புக்குப் போனது. 1840களில் சிரெபோன், டெமாக், குரோபோகன் பகுதிகளில் ஜனங்கள் பட்டினியில் செத்தார்கள், ஊர் ஊராகக் காலி பண்ணிக்கொண்டு போனார்கள். மண் வளமான ஜாவாவில் பஞ்சம்!

பணம் எங்கே போனது? 1831 தொடங்கி 1877 வரை 80 கோடி கில்டருக்கு மேல் ஹாலந்துக்குப் போனது. 1850களில் டச்சு அரசின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜாவாவின் முதுகிலிருந்து வந்தது. அந்தப் பணத்தில் கடன் அடைத்தான், ரயில் பாதை போட்டான். இன்னொரு செலவும் உண்டு, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 1863இல் சுரிநாமில் அடிமை முறையை ஒழித்தபோது டச்சு அரசு நஷ்ட ஈடு கொடுத்தது. யாருக்கு? அடிமையாகக் கிடந்தவனுக்கு இல்லை, அடிமையை வைத்திருந்த முதலாளிக்கு. தலைக்கு 300 கில்டர். அந்தப் பணமும் ஜாவாவிலிருந்து வந்த உபரியில்தான் கொடுக்கப்பட்டது. ஒரு கண்டத்தில் கட்டாய உழைப்பு வாங்கி, இன்னொரு கண்டத்தில் கட்டாய உழைப்பு வாங்கினவனுக்குச் சமாதானம் பண்ணியிருக்கிறான். விடுதலை பெற்றவர்களோ மேலும் 10 வருஷம் அரசு மேற்பார்வையில் அதே தோட்டங்களில் வேலை செய்ய வேண்டியிருந்தது.

இதையெல்லாம் நடத்தியது யார் என்பதில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. கிராமத்துக்குள்ளே வந்து கரும்பு போடு, காப்பி போடு என்று விரட்டியது வெள்ளைக்காரச் சிப்பாய் இல்லை. ஜாவாவின் பழைய பிரபுக் குடும்பங்களைச் சேர்ந்த 'ரீஜண்ட்'. அவருக்குக் கீழே 'டெமாங்', அதற்கும் கீழே ஊர்த்தலைவர். எவ்வளவு விளைச்சல் அரசுக்குப் போகிறதோ அதற்கேற்ப டச்சு அதிகாரிக்கும் கமிஷன், ரீஜண்டுக்கும் கமிஷன். டச்சு ரெசிடென்ட் தன் கீழிருக்கும் ரீஜண்டைத் தம்பி மாதிரி நடத்த வேண்டும் என்பது விதி. நாவலில் இதை நக்கலாகச் சொல்லிக்கொண்டே போகிறார் ஆசிரியர். வெள்ளைக்காரன் அண்ணன், பிரபு தம்பி. உழுகிறவன் யாருக்கும் ஒண்ணும் இல்லை. நமக்கு இந்த உறவுமுறை புரியாமல் போகாது.

1856 ஜனவரியில் டெக்கர் மேற்கு ஜாவாவில் பான்டென் பகுதியைச் சேர்ந்த லெபாக் என்ற ஏழை மாவட்டத்துக்கு உதவி ரெசிடென்டாகப் போகிறார். தலைமை ஊர் ராங்கஸ்பிடுங். போன கொஞ்ச நாளிலேயே கண்ணில் படுவது: ரீஜண்ட் வீட்டு முன்னால் மைதானத்தில் புல் பிடுங்க நூற்றுக்கணக்கில் ஆட்கள். கூலி கிடையாது, சோறு கிடையாது. சொந்தக்கார ரீஜண்ட் ஒருத்தர் பரிவாரத்தோடு விருந்துக்கு வருகிறார் என்றால் இன்னும் ஆள் பிடிக்கிறார்கள், ஜனங்களின் எருமைகளை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். எருமைக்கு விலை கொடுப்பதில்லை. டெக்கருக்கு முன்னால் இருந்த அதிகாரியும் இதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறார். அவர் திடீரென்று செத்துப்போனார், விஷம் வைத்திருப்பார்கள் என்று அவர் மனைவிக்குச் சந்தேகம்.

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. உள்ளூர் ஜனங்களை யாருடைய கொடுமையிலிருந்தும் காப்பது அரசின் தலையாய கடமை என்று 1854இன் ஆட்சிச் சட்டம் சொல்கிறது. உதவி ரெசிடென்ட் பதவி ஏற்கும்போது அப்படியே சத்தியமும் செய்கிறார். டெக்கர் பண்ணினது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சத்தியத்தை நிஜம் என்று எடுத்துக்கொண்டார். ரீஜண்ட் மேல் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தார். சாட்சிகளை மிரட்ட முடியாதபடி விசாரணை முடியும்வரை அவரை லெபாக்கிலிருந்து அப்புறப்படுத்துங்கள் என்று கேட்டார். நடந்தது என்ன? புகார் கொடுத்தவருக்கு மாற்றல். ங்காவி என்ற ஊருக்குப் போ என்றார்கள். அவர் வேலையை விட்டார். பிறகு அரசே விசாரித்ததில் புகாரில் உண்மை இருக்கிறது என்று தெரிந்தது. கீழே இருந்த சில தலைவர்களுக்கு வேலை போனது. ரீஜண்டுக்கு ஒரு கண்டிப்பு, அவ்வளவுதான். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்று வருஷம் வறுமையில் அலைந்துவிட்டு, 1859இல் பிரஸ்ஸல்ஸில் ஒரு சத்திரத்து அறையில் உட்கார்ந்து ஒரு மாதம் போல எழுதி முடித்ததுதான் இந்த நாவல். வடிவம் விநோதமானது. கதையைச் சொல்ல ஆரம்பிப்பவன் ஹாவலார் இல்லை, ஆம்ஸ்டர்டாம் காப்பித் தரகன் ஒருத்தன். பேரு டிரோக்ஸ்டோப்பல். 'காய்ந்த அரிதாள்' என்று அர்த்தம். கதை, கவிதை எல்லாம் பொய், காப்பி விலை மட்டும்தான் உண்மை என்று நம்புகிறவன். பழைய பள்ளித்தோழன் ஒருத்தன், கோட்டு வாங்கக்கூட வழியில்லாமல் சால்வை போர்த்திக்கொண்டு வந்தவன், ஒரு கட்டுக் காகிதத்தை அவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். அதில் காப்பி பற்றி ஏதாவது இருக்கும் என்று இவன் வாங்கி வைத்துக்கொள்கிறான். அந்தக் காகிதங்களிலிருந்து லெபாக் கதையை இவன் கடையில் வேலை பழகும் ஒரு ஜெர்மன் இளைஞன் எழுதுகிறான். கதை சூடு பிடிக்கும்போதெல்லாம் தரகன் உள்ளே புகுந்து, இதெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை என்கிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார், ஜாவாக்காரனை உழைப்பின் மூலம் கடவுளிடம் கொண்டுவர வேண்டும் என்று பிரசங்கம் பண்ணுகிறார். தரகனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போகிறது. கடைசியில் ஆசிரியர் முல்டாட்டுலி தானே வந்து இந்தப் பாத்திரங்களையெல்லாம் போங்கடா என்று தள்ளிவிட்டு, நேராக டச்சு மன்னரைப் பார்த்துக் கேட்கிறார். பேராசிரியர்கள் இதை உத்தி என்பார்கள். எனக்கு உத்தியாகத் தெரியவில்லை. ஒடுக்குமுறையைப் பற்றிப் பேசுகிறபோது கேட்கிறவன் வீட்டில் என்ன நடக்கிறது, அவன் காதில் எது விழும், எது விழாது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

நடுவில் வருகிறது சைஜா, அடிண்டா கதை. நாவலைப் படிக்காதவர்களுக்கும் இந்த ஒரு பகுதி தெரியும். சைஜாவின் அப்பா உழுகிற எருமையை டெமாங் ஓட்டிக்கொண்டு போகிறான். பரம்பரையாக வந்த கிரிஸ் கத்தியை விற்று இன்னொரு எருமை வாங்குகிறார். புலி வந்தபோது குறுக்கே நின்று சைஜாவின் உயிரைக் காப்பாற்றிய எருமை அது. அதையும் ஓட்டிக்கொண்டு போய் அறுத்துவிடுகிறார்கள். அப்புறம் படுக்கைத் திரையை மாட்டும் வெள்ளிக் கொக்கிகள், மாமனார் வீட்டுச் சொத்து, அதுவும் விலைக்குப் போகிறது. அடுத்த எருமையும் போகிறது. அம்மா மனசு உடைந்து செத்துப்போகிறாள். வரி கட்ட முடியாமல் அப்பா ஊரை விட்டு ஓடுகிறார். அனுமதிச் சீட்டு இல்லாமல் மாவட்டத்தைத் தாண்டினது குற்றம் என்று பிரம்படி. அவரும் செத்துப்போகிறார். சைஜா பட்டாவியாவுக்கு நடந்தே போய் ஒரு வீட்டில் வேலைக்காரனாக இருந்து எருமை வாங்கக் காசு சேர்த்துக்கொண்டு திரும்புகிறான். காத்திருப்பதாகச் சொன்ன அடிண்டா ஊரில் இல்லை. அவள் வீட்டு எருமையும் போய், குடும்பமே கடல் தாண்டி லம்போங்கில் கலகக்காரர்களிடம் சேர்ந்துவிட்டது. தேடிப் போகிறான். டச்சுப் படை அப்போதுதான் பிடித்து எரித்த கிராமத்தில் அவள் பிணம் கிடக்கிறது. சிப்பாய்களின் துப்பாக்கி ஈட்டிமேல் போய் விழுந்து சாகிறான்.

கவனியுங்கள். எருமையைப் பிடித்தவன் சொந்த நாட்டுக்காரன், சொந்த மதத்துக்காரன். ஓடினவனைச் சுட்டது டச்சுக்காரன். இரண்டு கையும் ஒரே உடம்பின் கைகள். இந்த நாவல் சொல்கிற விஷயம் இதுதான். அந்நிய ஆட்சி தனியாக நிற்கவில்லை, உள்ளூர் ஆதிக்கத்தின் தோளில் ஏறி நிற்கிறது. உள்ளூர் ஆதிக்கமும் தனியாக நிற்கவில்லை, அந்நியனின் துப்பாக்கியைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறது.

புத்தகத்தை வாங்கிப் படித்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? ஆளுக்கொரு பாதியைக் கிழித்துக்கொண்டு போனார்கள். முதல் கிழிப்பு அச்சிலேயே நடந்தது. அச்சிட உதவுவதாக வந்த வான் லென்னெப் என்ற பிரபல எழுத்தாளர், வழக்கறிஞரும்கூட, காப்புரிமையைத் தன் பேருக்கு வாங்கிக்கொண்டார். இடப்பெயர்கள், வருஷங்களை எடுத்துவிட்டுப் புள்ளி வைத்தார். நான்கு கில்டர் விலை போட்டார், சாதாரண ஜனம் தொட முடியாத விலை. ஆசிரியர் கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். மாவட்டத்தின் பேரே இல்லாமல் ஒரு குற்றச்சாட்டு! எங்கேயோ நடந்தது, யாரோ செய்தார்கள் என்று படித்துவிட்டுக் கண்ணீர் விடலாம், யார் மேலும் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை. 1875 பதிப்பில்தான் ஆசிரியரால் பெயர்களைத் திரும்பப் போட முடிந்தது.

பிறகு வந்த ஆய்வாளர்கள் வேறு மாதிரி. ராப் நியூவென்ஹாய்ஸ் என்கிற டச்சு எழுத்தாளர் 1987இல் 'லெபாக் பற்றிய கட்டுக்கதை' என்று ஒரு புத்தகமே எழுதினார். டெக்கருக்கு ஜாவாவின் வழக்கம் புரியவில்லை, 'அடாத்' என்கிற மரபுப்படி பிரபுவுக்கு உழைத்துக் கொடுப்பதும் பொருள் கொடுப்பதும் முறைதான், ஐரோப்பியக் கண்ணால் பார்த்து அதைக் கொள்ளை என்று சொல்லிவிட்டார் என்பது வாதம். படித்த மனிதர், ஆழமாக வாதம் செய்கிறார், தள்ளிவிட முடியாது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி உண்டு. வழக்கம் என்று சொல்கிறீர்களே, யாரைக் கேட்டுச் சொல்கிறீர்கள்? எருமை வாங்கினவனைக் கேட்டா, எருமை போனவனைக் கேட்டா? நம்ம ஊரிலும் 1843இல் சட்டப்படி அடிமை முறைக்கு அங்கீகாரம் இல்லை என்று கம்பெனி அரசு சொன்ன பிறகும், பண்ணையாள் முறையை அதிகாரிகள் 'இங்கே இது வழக்கம்' என்று எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். மிராசுதாரைக் கேட்டு எழுதினார்கள். சேரிக்குள் வந்து கேட்கவில்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்து, 1892இல் பஞ்சமி நிலத்துக்கு ஆணை வந்தது. அந்த நிலம் யார் கையில் போய்ச் சேர்ந்தது, அதைத் திரும்பக் கேட்டதற்காக 1994இல் செங்கல்பட்டில் யார் சுடப்பட்டார்கள் என்பதை இந்தக் கூட்டத்தில் நான் சொல்லத் தேவையில்லை. நல்ல அதிகாரி, நல்ல அறிக்கை. ஆனால் அறிக்கையைக் கையில் வாங்கிக்கொள்கிறவன் யார் என்பது தனிக் கதை.

அடுத்து தேசியவாதிகள். இந்தோனேசியாவின் பெரிய எழுத்தாளர் பிரமுதியா அனந்த தூர், 1999இல் எழுதிய கட்டுரையில் இதைக் காலனியத்தைக் கொன்ற புத்தகம் என்றே சொன்னார். இந்த நாவல் டச்சு மனசாட்சியைக் குத்தியது, அதனால் 1901இல் 'அறநெறிக் கொள்கை' என்று வந்தது, அதனால் சிலருக்குக் கல்வி கிடைத்தது, படித்தவர்கள் விடுதலை கேட்டார்கள் என்பது அவர் சொல்லும் வரிசை. மரியாதைக்குரிய மனிதர். டச்சுக்காரனும் அவரைச் சிறையில் வைத்தான், சொந்த நாட்டு சுகார்த்தோ அரசும் விசாரணையே இல்லாமல் புரு தீவில் 1969 முதல் 1979 வரை அடைத்து வைத்தது. அவர் சொல்கிற வரிசை தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரிசையில் டெமாங் எங்கே போனான்? 1976இல் டச்சு, இந்தோனேசியக் கூட்டுத் தயாரிப்பாக இந்த நாவல் படமானது. இயக்கியவர் ஃபோன்ஸ் ராடேமாகர்ஸ். அந்தப் படத்தை இந்தோனேசிய அரசு 1987 வரை காட்டவிடவில்லை. உள்ளூர்ப் பிரபுக்களைக் கொடுமைக்காரர்களாகக் காட்டுகிறது என்பது தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வெள்ளைக்காரனைத் திட்டினால் கை தட்டலாம், ரீஜண்டைத் தொட்டால் தடை. சுதந்திரம் வந்து முப்பது வருஷத்துக்குப் பிறகு! ராங்கஸ்பிடுங்கில் இப்போது முல்டாட்டுலி பேரில் மியூசியம் இருக்கிறது, 2018இல் திறந்தார்கள். அது வரவேற்க வேண்டிய விஷயம்தான்.

முல்டாட்டுலியையும் விட்டுவிட முடியாது. டச்சுக்காரனே வெளியே போ என்று அவர் எழுதவில்லை. ஒழுங்காக ஆட்சி பண்ணு என்றுதான் எழுதினார். மன்னரிடம் நியாயம் கேட்டார், தனக்குப் பதவியும் மரியாதையும் கேட்டார். ரீஜண்ட் மேல்கூட ஹாவலாருக்கு இரக்கம் உண்டு, பாவம் வயசான மனுசன் கடனில் இருக்கார் என்று பணம் கொடுத்து உதவுகிறான். நாவலில் உழவர்கள் வருகிற இடங்களைப் பாருங்கள். ராத்திரியில் இருட்டில் பதுங்கி வந்து ஹாவலாரிடம் முறையிடுகிறார்கள். பகலில் ரீஜண்ட் முன்னால் நிற்க வைத்துக் கேட்டால், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்கிறார்கள். நம்ம வழக்குகளில் சாட்சி பிறழ்வது என்று கோர்ட்டில் எழுதுவார்கள் இல்லையா, அதேதான். அவர்கள் ஏன் பொய் சொல்கிறார்கள் என்பதை ஹாவலார் புரிந்துகொள்கிறான். அது பெரிய விஷயம். ஆனால் அவர்கள் ஒருவரோடு ஒருவர் என்ன பேசிக்கொண்டார்கள், லம்போங்குக்குப் படகு ஏறினவர்கள் என்ன நினைத்து ஏறினார்கள் என்பது நாவலில் இல்லை. கலகக்காரர்கள் தூரத்துப் புகையாக மட்டும் வருகிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து எழுத அந்தக் காலத்தில் ஆள் இல்லை. எழுத விடவில்லை என்று சொல்வதே சரி.

அதிக லாபம் அடைந்தது ஹாலந்தின் தாராளவாதிகள். அரசு கட்டாயப் பயிர் வைப்பதுதான் தப்பு, தனியார் வந்தால் சரியாகிவிடும் என்று இந்தப் புத்தகத்தை மேடை மேடையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1870இல் நிலச் சட்டம் வந்தது, தோட்ட முதலாளிகளுக்கு வழி திறந்தது. டிரோக்ஸ்டோப்பல் ஜெயித்துவிட்டான்! கொடுமை என்னவென்றால், 1988இல் ஹாலந்தில் 'மாக்ஸ் ஹாவலார்' என்ற பேரிலேயே காப்பிப் பொட்டலம் விற்பனைக்கு வந்தது. சிறு விவசாயிக்கு நியாய விலை கொடுக்கிற முத்திரை அது. நோக்கம் நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பேரைக் காப்பிக் கடையில் பார்த்தால் முல்டாட்டுலி என்ன எழுதியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இந்தத் தனியார் தோட்ட முறையின் முழு உருவம் சுமத்ராவின் டெலியில் தெரிந்தது. புகையிலைத் தோட்டங்கள். சீனர்கள், ஜாவாக்காரர்கள், அவர்களோடு நம்ம தமிழ் ஜனமும் அங்கே கூலியாகப் போனது. மாட்டு வண்டி ஓட்டவும் சாலை போடவும் அவர்களை வைத்துக்கொண்டார்கள். 1880இல் கூலிச் சட்டம் வந்தது. ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு ஓடினால் அது கிரிமினல் குற்றம், ஜெயில். சைஜாவின் அப்பா வாங்கின பிரம்படி சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. 1902இல் வான் டென் பிராண்ட் என்ற வழக்கறிஞர் அங்கே நடப்பதை ஒரு சின்னப் பிரசுரமாக வெளியிட்டார். அரசு ரெம்ரெவ் என்ற அதிகாரியை அனுப்பி விசாரித்தது. 1904இல் அவர் கொடுத்த அறிக்கை அச்சில் வரவில்லை. 1987இல் யான் பிரேமன் என்ற ஆய்வாளர் தன் புத்தகத்தோடு சேர்த்து வெளியிடும் வரை, 80 வருஷத்துக்கு மேல் அது கோப்புக்குள் கிடந்தது.

மேதான் நகரத்தில் பழைய தமிழர் குடியிருப்பு இன்றும் இருக்கிறது. அங்கே போனவர்கள் எந்த ஊரிலிருந்து, எந்தச் சேரியிலிருந்து போனார்கள், திரும்பி வந்தவர்கள் உண்டா, வீடுகளில் ஏதாவது கதை மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு எழுத இங்கே இருக்கிற மாணவர்களில் இரண்டு பேராவது முன்வர வேண்டும். கடற்கரை மாவட்டங்களில் வயசானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் பேரைக் கொடுங்கள், பிரேமனின் புத்தகத்தை ஆங்கிலத்தில் என்னிடமிருந்து வாங்கிப் படித்துக்கொள்ளலாம்.